ராஜரத்தினமும் சீல் வைத்த கவரும்

ராஜ் ராஜரத்தினம் என்ற பெயர் நம்மில் பலருக்கு 2009-ல்தான் தெரிய வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 16-ம் தேதி நியூயார்க்கில் அவரைக் கைது செய்தார்கள். அதுவரை அமெரிக்காவில் மிகப் பெரிய பணக்காரத் தமிழர்களில் ஒருவர்.

1957-ல் கொழும்பில் பிறந்தவர். இங்கிலாந்தில் பொறியியல், அமெரிக்காவில் வார்ட்டன் பள்ளியில் எம்.பி.ஏ. நீடம் என்ற முதலீட்டு நிறுவனத்தில் 1985-ல் சேர்ந்து ஆறே ஆண்டுகளில் அதன் தலைவரானார். மின்னணு, கணினி கம்பெனிகளின் பங்குகளை அலசுவதுதான் அவர் தொழில். 1997-ல் 'கேலியன்' என்று சொந்த நிதி நிறுவனம் தொடங்கினார். உச்சத்தில் அது 700 கோடி டாலரை நிர்வகித்தது. அகதியாகவும் கூலியாகவும் கடல் கடந்த தமிழர் கதைகளையே கேட்டுப் பழகிய நமக்கு இது பெருமையாகத்தான் இருந்தது. சுனாமி நிவாரணத்துக்கும் அள்ளிக் கொடுத்தவர். கிளிஞ்சல்மேட்டையும் பட்டினச்சேரியையும் அந்த நாளில் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அவர் செய்த தப்பு என்ன? 2008 செப்டம்பர் 23. கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியில் வாரன் பஃபெட் 500 கோடி டாலர் போடப்போகிறார் என்பதை இயக்குநர் குழு தொலைபேசியிலேயே கூடி முடிவு செய்தது. கூட்டம் முடிந்த ஒரு நிமிடத்துக்குள் இயக்குநர் ரஜத் குப்தா ராஜரத்தினத்துக்குப் போன் போட்டார். சந்தை மூட ஐந்தாறு நிமிடம்தான் பாக்கி. அதற்குள் கேலியன் கோல்ட்மேன் பங்குகளை வாங்கிக் குவித்தது. அறிவிப்பு மாலையில்தான் வந்தது. மறுநாள் விற்றதில் எட்டு லட்சம் டாலருக்கு மேல் லாபம். இப்படிப் பல. அரசாங்கம் அவர் போனை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்து வைத்திருந்தது. 2011 மே மாதம் 14 குற்றச்சாட்டுகளும் நிரூபணமாகி, 11 ஆண்டு சிறை, 1 கோடி டாலர் அபராதம். குப்தாவுக்குப் பிறகு 2 ஆண்டு.

"எல்லாரும் செய்வதுதான், இவர் மாட்டிக்கொண்டார்" என்கிறார்கள் நண்பர்கள். "கறுப்புத் தோல் என்பதால்தான்" என்கிறார் இன்னொருவர். வழக்கை நடத்திய பிரீத் பராரா பஞ்சாபில் பெரோஸ்பூரில் பிறந்தவர்! உலகத்தையே கவிழ்த்த வெள்ளைக்கார வங்கிப் பெருந்தலைகள் அந்த ஆண்டுகளில் சிறைக்குப் போகவில்லை என்பது உண்மை, எனக்கும் கோபம் உண்டு. அது அவர்களைப் பிடிக்காத குற்றமே தவிர, இவரைப் பிடித்த குற்றம் ஆகாது.

பிரெஞ்சில் இந்தக் குற்றத்துக்கு 'தெலி தினிசியே' என்று பெயர். 'இனிசியே' என்றால் தீட்சை பெற்றவன். குருவிடம் ரகசிய மந்திரம் வாங்கியவனுக்கும் கம்பெனி ரகசியம் தெரிந்தவனுக்கும் ஒரே சொல். எழுத்தர் வேலையிலும் இந்தத் தீட்சை உண்டு. அரக்கு முத்திரை வைத்த டெண்டர் கவர் மேசை மேல் இருக்கும். உள்ளே உள்ள தொகையை ஒரு காண்ட்ராக்டருக்கு முன்கூட்டிச் சொன்னால் நம் பையிலிருந்து பைசா போகாது, கஜானாவிலும் உடனே பணம் குறையாது. ஆனாலும் அது திருட்டு என்று கடைநிலை ஊழியருக்குக்கூடத் தெரியும். வார்ட்டனில் படித்தவருக்குத் தெரியாதா?

"யாருக்கு நஷ்டம்?" என்று கேட்பார்கள். அன்று மாலை அந்தக் கடைசி நிமிடங்களில் கோல்ட்மேன் பங்கை அவருக்கு விற்றவருக்கு. ஏதாவது ஓய்வூதிய நிதியாக இருந்திருக்கலாம். நம்மைப்போல் பென்ஷன் வாங்கும் யாராவது ஒருவராகவும் இருக்கலாம். அவர் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

2019-ல் சிறையிலிருந்து வெளியே வந்த ராஜரத்தினம், தனக்கு நடந்தது அநியாயம் என்று 2021-ல் புத்தகமே எழுதினார். எழுதட்டும். இங்கே நம் பேரப்பிள்ளைகள் செல்போனில் "கம்பெனிக்குள்ளே இருக்கிறவர் சொன்னது" என்று டிப்ஸ் பார்த்துப் பங்கு வாங்குகிறார்கள். அது பெரும்பாலும் பொய்யாக இருக்கும். ஒருவேளை உண்மையாக இருந்தால், செபி விதிப்படி சொன்னவர் மட்டுமல்ல, அதை வைத்து வாங்கியவரும் குற்றவாளி. இதை வீட்டில் ஒருமுறை சொல்லி வையுங்கள்.