பழைய வளையம்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணி. மகள் சுங்கை பட்டாணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கிள்ளானிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். மறுநாள் அவளுக்கு ஆசிரியர் பயிற்சி வகுப்பு. மூட்டை முடிச்சுகளை ஏற்றியாகிவிட்டது. அவள் அம்மா புளிச்சோற்றுப் பொட்டலத்தை முன்சீட்டில் வைத்தார். மகள் காரை முடுக்கிவிட்டு, கேட்டைத் திறக்க இறங்கிப் போனாள். திரும்பி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா, காடிக்கு அடியில என்னமோ ஓடுது."

"ஏர்கோன் தண்ணியா இருக்கும்மா."

"ஏர்கோனே இன்னும் போடலப்பா."

சொல்லிக்கொண்டே கையை உள்ளே விட்டு எஞ்சினை அணைத்தாள். கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். போர்ச் முழுவதும் தேன் நிறத்தில் எண்ணெய். முந்தின நாள் மாலை நானே ஊற்றிய புது எஞ்சின் எண்ணெய்.

எங்களுடையது 2012இல் வாங்கிய மைவி. உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு எண்ணெயும் வடிகட்டியும் மாற்றுவது வீட்டில்தான். கூலி மிச்சம் என்பது ஒரு பக்கம். கைநகத்தில் கறை படிய ஒரு வேலையை முடித்துவிட்டுத் தேநீர் குடிப்பதில் ஒரு திருப்தி இருக்கிறது. செய்து பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

அன்று வெள்ளத்தனமாக இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். மகள் வந்து பக்கத்தில் குந்தினாள். "நான் லைட் பிடிக்கவா?" என்றாள். "போய்த் துணி மடிச்சு வைம்மா, கையெல்லாம் கறையாகும்" என்று அனுப்பிவிட்டேன். இந்த வரியை எழுதவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

நடந்தது இதுதான். வடிகட்டியின் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். எஞ்சினோடு அது இறுகி உட்கார்ந்தால்தான் எண்ணெய் கசியாது. பல மாதம் சூட்டில் கிடந்த அந்த வளையம் சில நேரம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ளும். பழைய வடிகட்டி மட்டும் கழன்று கையோடு வரும். அதைக் கவனிக்காமல் புதியதை மாட்டினால் வளையத்தின் மேல் வளையம். திருகும்போது சரியாக இறுகியது போலவே இருக்கும். அரை நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட விழவில்லை. மழை வந்துவிட்டது. உள்ளே போய்விட்டேன்.

இரவெல்லாம் நின்ற காரில் எண்ணெய் ஆறிக் கெட்டியாகியிருக்கும். காலையில் முதல் முடுக்கலில்தான் அழுத்தம் அதிகம். இரட்டை வளையம் அப்போது பிதுங்கிக்கொண்டது. எண்ணெயை எஞ்சினுக்குள் சுற்றவிட வேண்டிய அதே பம்பு, அதைத் தரையில் கொட்ட ஆரம்பித்துவிட்டது.

எங்கள் கேட் கையால் தள்ளுவது. "ஆட்டோகேட் போடலாம்பா" என்று இரண்டு வருடமாக மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். போட்டிருந்தால் அன்று அவள் இறங்கியிருக்க மாட்டாள். தஞ்சோங் மாலிம் தாண்டுவதற்கு முன்பே, இருட்டில், லாரிகளுக்கு நடுவில் எஞ்சின் இறுகி நின்றிருக்கும். எஞ்சின் போனால் பணத்தோடு போகும். அந்த இடத்தில் தனியாக நிற்பவள் யார் என்பதை நினைத்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது.

உதிரிபாகக் கடை பத்து மணிக்குத்தான் திறந்தது. புது வடிகட்டியும் எண்ணெயும் வாங்கி வந்தோம். "இந்தத் தடவை நான் செய்யறேன், நீங்க லைட் பிடிங்க" என்றாள். பிடித்தேன். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கார் சமதரையில் நிற்கட்டும். எஞ்சின் லேசான சூட்டில் இருந்தால் போதும். கொதிக்கும் எண்ணெய் கையைப் பொசுக்கிவிடும். வெறும் ஜாக்கை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்ட் வைக்க வேண்டும், டயருக்குக் கட்டை கொடுக்க வேண்டும். எண்ணெயை வடித்த பின் அடி நட்டை மறக்காமல் பூட்டுங்கள். அதன் வாஷர் நசுங்கியிருந்தால் புதியது போடுங்கள்.

வடிகட்டியைக் கழற்றியதும் முதல் வேலை, அதைத் திருப்பி அதன் வாயைப் பார்ப்பது. ரப்பர் வளையம் அதில் இருக்கிறதா? இல்லையென்றால் அது எஞ்சினில்தான் இருக்கிறது. கண்ணால் பார்ப்பது போதாது, அந்த இடத்தை விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். பிறகு சுத்தமான துணியால் துடையுங்கள். புது வளையத்தில் கொஞ்சம் புது எண்ணெய் தடவி, கையால் திருகுங்கள். வளையம் தொட்டதும் அதற்கு மேல் முக்கால் சுற்று என்பது பொதுக்கணக்கு; சரியான அளவு பெட்டியில் அச்சிட்டிருக்கும். ஸ்பேனர் போட்டு இறுக்குவது பலசாலித்தனம், அடுத்த தடவை கழற்றும்போது அழ வேண்டியிருக்கும்.

எவ்வளவு எண்ணெய் என்பதைக் காரின் கையேட்டில் பாருங்கள். ஊற்றிய பின் முடுக்கினால் சிவப்பு எண்ணெய் விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் ஓடட்டும், குனிந்து அடியில் பாருங்கள். அணைத்து, கொஞ்ச நேரம் கழித்து அளவுகோலை இழுத்துப் பாருங்கள். மறுநாள் காலை முதல் முடுக்கலில் இன்னொரு முறை குனியுங்கள். நான் தவறவிட்டது அந்தக் கடைசிக் குனிதலைத்தான்.

"எண்ணெயை மட்டும் மாத்திட்டு ஃபில்டரை அடுத்த தடவை பார்த்துக்கலாமா?" என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாள் அடைத்துக்கொண்டால் கார் நிற்காது. எஞ்சின் காய்ந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு சிறிய வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயையே உள்ளே அனுப்பும். அதாவது வடிகட்டி அடைத்ததை வடிகட்டி சொல்லாது. பத்துப் பதினைந்து வெள்ளி பொருளுக்காக எஞ்சினோடு சூதாட வேண்டாம்.

பழைய எண்ணெயை என்ன செய்வது? தோட்டத்தில் இருந்த காலத்தில் கரையான் வராது என்று வேலிக்கட்டையில் பூசுவார்கள், மிச்சத்தைக் கால்வாயில் கொட்டுவார்கள். இப்போது அது தப்பு. நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளில் பயன்படுத்திய எஞ்சின் எண்ணெய் எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் அபாயக் கழிவுப் பட்டியலில் இருக்கிறது. போத்தலில் நிரப்பி, மூடி, பழைய வடிகட்டியையும் சேர்த்துத் தெரிந்த பட்டறையில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் சேர்த்து வைத்துச் சேகரிப்பவர்களிடம் தருவார்கள்.

மதியம் பன்னிரண்டரைக்கு மகள் கிளம்பினாள். நகத்தில் கறை அப்படியே இருந்தது. ஈப்போ தாண்டியதும் தாப்பாவில் நிற்காமல் வந்துவிட்டதாகச் செய்தி அனுப்பினாள். கூடவே ஒரு படம். சிம்பாங் பூலாய் ஓய்விடத்தில் நின்றபோது எடுத்தது. காருக்கு அடியில் தரை காய்ந்து கிடந்தது.

எஞ்சினில் ஒட்டியிருந்த அந்தப் பழைய வளையத்தை நான் இன்னும் எறியவில்லை. என் கருவிப்பெட்டியின் மூடியில் மாட்டி வைத்திருக்கிறேன்.