அழகா இருக்குன்னு சொல்லிட்டு வெளியே வந்துடாதீங்க

இந்த வருஷமும் நம்ம பேட்ச்ல ஒரு கூட்டம் எம்.எஸ்சி. படிக்க இங்கிலாந்து கிளம்புது. அதுல நியூகாசில் போறவங்களை மனசுல வெச்சுத்தான் இதை எழுதுறேன். மத்தவங்களும் படிக்கலாம். நான் சொல்லப்போற கடைகளில் ஒண்ணை நீங்க ரீல்ஸ்ல பார்த்து ஏற்கெனவே லைக் போட்டிருப்பீங்க.

நியூகாசிலை ஒட்டி வடக்கிலும் மேற்கிலும் விரிஞ்சு கிடக்குற கவுண்டி நார்தம்பர்லாண்ட். அதைத் தாண்டினா ஸ்காட்லாந்து. ஆளைவிட ஆடு அதிகமோன்னு தோணுற அளவுக்கு வெட்டவெளி, நடுநடுவே கோட்டைகள், ரோமானியர்கள் கட்டின ஹேட்ரியன் சுவர். எக்ஸ்சேஞ்ச் செமஸ்டருக்குப் போயிருந்தப்ப அங்கே மூணு புத்தகக் கடைகளுக்குப் போனேன். மூணுமே பெரிய நிறுவனத்தோட கிளைகள் இல்லை, உரிமையாளரே சொந்தமா நடத்துற தனிக் கடைகள். இந்த மாதிரிக் கடைகளைப் பத்தி எழுதுற எல்லாரும் 'சார்மிங்', 'க்யூட்'னு ரெண்டு வார்த்தையோட முடிச்சிடறாங்க. அந்த ரெண்டு வார்த்தையும் கடைக்கு நல்லது பண்ணலைங்கிறது என் கருத்து.

முதல்ல அனிக். எழுத்துப்படி வாசிச்சா 'ஆல்ன்விக்'னு வரும், அப்படிக் கேட்டா பஸ் டிரைவர் சிரிப்பார். எல்-லும் டபிள்யூ-வும் சும்மா உட்கார்ந்திருக்கு. முதல் ரெண்டு ஹாரி பாட்டர் படத்துல ஹாக்வார்ட்ஸா வந்த கோட்டை இந்த ஊர்லதான் இருக்கு, அதனால கூட்டம் அங்கே போகும். நீங்க பழைய ரயில்வே ஸ்டேஷனுக்குப் போங்க. 1887-ல் கட்டின கட்டிடம். சின்ன ஊருக்கு எதுக்கு இவ்வளவு பெரிய ஸ்டேஷன்னு தோணும். கோட்டையில் இருந்த டியூக் வீட்டு விருந்தாளிகளுக்காகன்னு சொல்றாங்க. 1968-ல் ரயில் நின்னுபோச்சு. 1991-ல் அதே கட்டிடத்துல மேரி மேன்லி, ஸ்டூவர்ட் மேன்லி தம்பதி ஆரம்பிச்சதுதான் பார்ட்டர் புக்ஸ். இன்னிக்கு பிரிட்டன்ல இருக்குற மிகப் பெரிய பழைய புத்தகக் கடைகளில் அதுவும் ஒண்ணு.

உள்ளே போனா அலமாரிகளுக்கு மேல ஒரு பொம்மை ரயில் ஓடிட்டே இருக்கும். குளிர்காலத்துல கணப்பு எரியும். பழைய வெயிட்டிங் ரூம்ல டீக்கடை. எல்லாரும் போன் எடுக்குறது இந்த இடத்துலதான். நானும் எடுத்தேன், பொம்மை ரயிலை எடுக்காம எவனாலயும் வர முடியாது.

ஆனா அந்தக் கடை முப்பது வருஷத்துக்கு மேல நிக்குறது பொம்மை ரயிலால மட்டும்னு எனக்குத் தோணலை. பேரைப் பாருங்க: பார்ட்டர், பண்டமாற்று. படிச்சு முடிச்ச புத்தகத்தைக் கொண்டுபோனா அவங்க பார்த்து மதிப்புப் போடுவாங்க. கையில காசு வராது, உங்க பேர்ல வரவு வைப்பாங்க. அதைக் கழிச்சு அடுத்த புத்தகம் எடுத்துக்கலாம். செம் முடிஞ்சதும் ஜூனியர் தலையில புத்தகத்தைப் பாதி விலைக்குக் கட்டுவோமே, அதையே ஒழுங்கா கணக்கு வெச்சுப் பண்ற மாதிரி. யோசிச்சா செம டிசைன். சரக்குக்குக் கடை அலைய வேண்டியதில்லை, பெரும் பகுதி வாசல் தேடி வருது. வரவு வெச்சவன் திரும்பி வந்தே ஆகணும், ஏன்னா அந்த வரவு வேற எங்கேயும் செல்லாது. நாம 'க்யூட்'னு சொல்லிட்டுத் தாண்டிப் போறது ஒரு கெட்டியான வியாபார மூளையை.

இன்னொரு கதையும் இந்தக் கடையோடதுதான். சிவப்புப் பின்னணியில கிரீடம் போட்டு 'கீப் காம் அண்ட் கேரி ஆன்'னு ஒரு போஸ்டர். நம்ம ஹாஸ்டல் கப்புல, டி-ஷர்ட்டுல, அரியர் மீம்ல எல்லாம் பார்த்திருப்பீங்க. 1939-ல் போர் நேரத்துல பிரிட்டிஷ் அரசாங்கம் கிட்டத்தட்ட 25 லட்சம் பிரதி அடிச்சது. பெரும்பாலும் ஒட்டாமலே கூழாக்கிட்டாங்க. உலகம் மறந்தும் போச்சு. 2000-ல் ஏலத்துல வாங்கின ஒரு பழைய புத்தகப் பெட்டியோட அடியில ஸ்டூவர்ட் மேன்லிக்கு ஒரு பிரதி கிடைச்சது. ஃபிரேம் போட்டு கல்லாப்பெட்டி பக்கத்துல மாட்டினாங்க. வர்றவங்க எல்லாம் விலை கேட்க, நகல் அடிச்சு விற்க ஆரம்பிச்சாங்க. அரசாங்கத்தோட காப்புரிமை காலாவதி ஆகியிருந்ததால யார் வேணும்னாலும் அடிக்கலாம், உலகமே அடிச்சது. பெட்டியோட அடி வரைக்கும் கைவிட்டுப் பார்க்குற ஒரு பழைய புத்தகக் கடைக்காரர் இல்லைன்னா அந்த மீம் நம்ம வரைக்கும் வந்திருக்காது.

மத்த ரெண்டு கடையும் மேற்கே, நியூகாசில்-கார்லைல் ரயில் பாதையில. கார்பிரிட்ஜ்ல ஃபோரம் புக்ஸ், ஒரு பழைய தேவாலயக் கட்டிடத்துல இருக்கு. ஹெக்ஸம்ல கோஜிட்டோ புக்ஸ். ரெண்டும் புதுப் புத்தகம் விற்கிற கடைகள். உண்மையான சிக்கல் ஆரம்பிக்கிறதே இந்த மாதிரிக் கடைகளில்தான்.

இங்கிலாந்துல 1900-லிருந்து நெட் புக் அக்ரிமென்ட்னு ஒரு ஒப்பந்தம் இருந்தது. பதிப்பகம் சொன்ன விலைக்குக் கீழே எந்தக் கடையும் விற்கக் கூடாது. 1995-ல் பெரிய பதிப்பகங்கள் விலகிக்கிட்டாங்க, 1997-ல் கோர்ட்டே செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அப்புறம் சூப்பர் மார்க்கெட்டும் அமேசானும் விலையை இறக்க, தனிக் கடைகள் ஒண்ணொண்ணா மூடினாங்க. அவங்க சங்கத்தோட கணக்குப்படி 1995-ல் 1,800-க்கும் மேல இருந்த கடைகள் 2016-ல் 867. அதுக்கப்புறம் மெல்ல ஏறி 2022-ல் 1,072. செத்துப்போச்சுன்னு எல்லாரும் எழுதின ஒரு தொழில் திரும்பி எழுந்துருச்சு. ஆனா அமேசான் விலைக்கு அவங்களால இன்னும் விற்க முடியாது.

இப்ப உங்க நிலைமையைப் பார்ப்போம். எஜுகேஷன் லோன். ஸ்டூடன்ட் விசாவுல டெர்ம் நேரத்துல வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை. 2025 ஏப்ரல் கணக்குல 21 வயசுக்கு மேல குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. ஒரு புது பேப்பர்பேக் பத்து பவுண்டு பக்கத்துல வருது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் நீங்க தட்டு கழுவின காசு. அதைக் கொடுத்து முழு விலைக்கு வாங்கிப் புத்தகக் கடையைக் காப்பாத்துங்கன்னு உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரலை. சொல்றவங்க இருக்காங்க, அவங்களுக்கு லோன் இல்லை.

ஒண்ணே ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க. நான் போன கடையில (எதுன்னு வேண்டாம்) ரெண்டு பேர் வந்தாங்க. கவுன்டர்ல இருந்த அம்மாகிட்ட கால் மணி நேரம் பேசினாங்க. "இந்த மாதிரிக் கதை பிடிக்கும், வேற என்ன படிக்கலாம்"னு கேட்டு, அவங்க அலமாரி அலமாரியா கூட்டிட்டுப் போய் நாலு புத்தகம் எடுத்துக் கொடுத்தாங்க. நாலோட அட்டையையும் போட்டோ எடுத்தாங்க, நன்றி சொன்னாங்க, கதவுகிட்ட நின்னே ஆன்லைன்ல விலை பார்த்தாங்க. அந்தக் கால் மணி நேரம்தான் அந்தக் கடை விற்கிற சரக்கே. அதை எடுத்துக்கிட்டு காசை வேற இடத்துல கட்டுறது டிஸ்கவுன்ட் தேடுறது கிடையாது, ஓசி. கேட்காம சுத்திப் பார்த்துட்டு வந்துட்டீங்கன்னா எங்கே வேணும்னாலும் வாங்கிக்கோங்க, அதுல தப்பில்லை. கேட்டீங்கன்னா ஒண்ணாவது வாங்குங்க. கடையில அந்தப் புத்தகம் இல்லைன்னாலும் ஆர்டர் போட்டா பெரும்பாலும் மறுநாளே வரவழைச்சுடுவாங்க. மொத்த வியாபாரிகள் அந்த வேகத்துல அனுப்புறாங்க. இது நம்மள்ல பல பேருக்குத் தெரியாது.

மத்தபடி காசு இல்லாத மாசத்துக்கு அனிக் இருக்கு. நியூகாசில்லேருந்து எக்ஸ்15 பஸ் போகுது. சனிக்கிழமை காலையில கிளம்பிடுங்க. ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியில கிலோ கணக்குப் பார்த்து ரெண்டு தொக்கு பாட்டிலை வெளியே எடுத்து வெப்பாங்க அம்மா. புத்தகத்துக்கு எங்கே இடம்னு யோசிக்காதீங்க. அங்கேயே வாங்கி, அங்கேயே படிச்சு, அங்கேயே திருப்பிக் கொடுத்து வரவு வெச்சுக்கோங்க.