விளங்க வைத்தலும் தனித்தமிழ்த் தொண்டே

தமிழில் அறிவியலைச் சொன்னால் விளங்காது என்னும் பழி இன்றும் ஓய்ந்தபாடில்லை. 2012ஆம் ஆண்டிற்குப் பின் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழி வகுப்புகள் பெருகியதற்குப் பெற்றோரிடம் வேரூன்றிய இவ்வெண்ணமும் துணைநின்றது. பழி தூற்றுவோர் தமிழ்ப்பகைவர் என்பதில் ஐயமில்லை. ஆயின் அதற்கு எருவிடுவோர் யாவர்? ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் தமிழில் இறக்கிவைக்கும் பாடநூலாரும், கலைச்சொல் ஒன்றைக் கண்டவுடன் கடமை முடிந்ததென்று கைகழுவும் தனித்தமிழன்பருமே ஆவர்.

"ஓரலகு நிறையுள்ள நீர்மம் தன் வெப்பநிலையில் மாற்றமின்றி ஆவியாக மாற்றப்படுவதற்கு வேண்டப்படும் வெப்பத்தின் அளவு, ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் எனப்படும்" என்னும் போக்கில் அமைந்தனவே பாடநூல் விளக்கங்கள். இதில் அயற்சொல் ஒன்றேனும் உண்டா? இல்லை. பிழை உண்டா? அதுவும் இல்லை. ஆயினும் சிற்றூர்ப் பள்ளிச் சிறுவன் இதனை நெட்டுருச் செய்வானேயன்றி உணரான். மாற்றப்படுவதற்கு வேண்டப்படும் எனச் செயப்பாட்டு வினைகளை அடுக்குவது தமிழ்நடையன்று. சொல் தமிழ், முதுகெலும்பு ஆங்கிலம்.

அச்சிறுவனின் வீட்டிலேயே மண்பானை இருக்கின்றது. பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிகின்றது. கசிந்த நீர் காற்றுப்பட்டு ஆவியாகின்றது. அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளிருக்கும் நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கின்றது. ஆகவே எஞ்சிய நீர் குளிர்கின்றது. காற்றில் ஈரம் மிகுந்த மழைநாளில் கசிந்த நீர் எளிதில் ஆவியாகாது. பானைநீரும் அவ்வளவு தண்ணென்று இராது. இனி அடுப்பிலேறிய நீரைப் பார்க்கட்டும். கொதி வரும்வரை வெப்பமானி ஏறிக்கொண்டே போகும். கொதி வந்தபின் எவ்வளவு தீ எரித்தாலும் 100 பாகையிலேயே நிற்கும். அத்தனை வெப்பமும் எங்கே போயிற்று? நீரை ஆவியாக்குவதிற் புகுந்து மறைந்தது. பனிக்கட்டிக் குளிரிலிருக்கும் நீரைக் கொதிநிலைக்கு ஏற்ற ஆகும் வெப்பத்தைப்போல் ஐந்து மடங்கிற்கும் மேலான வெப்பம், கொதித்த அந்நீர் முழுதும் ஆவியாக வேண்டும். வெப்பமானிக்குத் தெரியாமல் உள்ளே உறைவதால் அஃது உள்ளுறை வெப்பம்.

தொல்காப்பியர் கூறும் உள்ளுறையுவமத்தைத் தமிழ்வகுப்பிற் கற்ற மாணவனுக்கு, மேலே தோன்றாது உள்ளே தங்குவதே உள்ளுறை என்பது முன்னரே தெரியும். அறிவியலாசிரியர் அதனை ஒருமுறை நினைவூட்டினாற் போதும். அயன்மொழிச் சொல்லிற்கு இத்தகைய வேர் தமிழ்ப்பிள்ளையின் நெஞ்சில் இல்லை. ஆனால் வேரைக் காட்டாமற் சொல்லை மட்டும் நீட்டினால், உள்ளுறையும் அவனுக்கு அயற்சொல்லே.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவங் கற்பித்த அமெரிக்க மருத்துவர் கிரீன், 1872இல் உடற்கூற்று நூலொன்றை 'மனுஷ அங்காதிபாதம்' எனவும், 1875இல் வேதியியல் நூலொன்றைக் 'கெமிஸ்தம்' எனவும் வெளியிட்டார். அவர்தம் உழைப்பிற்குத் தமிழர் கடன்பட்டோரே. ஆயினும் அங்காதிபாதம் என்றால் என்னவென்று இன்று உரை தேட வேண்டியுள்ளது. உடற்கூறு என்பதற்கு உரை வேண்டா.

விளக்கி எழுதுதல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் முழுமைக்கும் உரைகண்ட இளம்பூரணர், இந்நூற்பா எதனைச் சொல்ல வந்தது என்று முதலிற் கேட்டு விடைகூறி, பின்னரே எளிய நடையிற் பொருளும் காட்டும் தந்தார். சொற்போருக்கு நிற்கும் சேனாவரையர் உரை புலவர்க்கு விருந்து. தொடக்க மாணவர்க்கு இளம்பூரணரே துணை. நன்னூலாரும் விளங்க வைத்தலை நூலழகு பத்தினுள்ளும், மயங்க வைத்தலை நூற்குற்றம் பத்தினுள்ளும் வைத்தார். நன்னூலைத் தேர்விற் கேட்கும் நாட்டிலேயே பாடநூற் குழுக்கள் அதனை மறந்தது வியப்பே.

அச்சேறுமுன் ஒவ்வொரு பாடத்தையும் அவ்வகுப்பு மாணவர் சிலர்முன் படித்துக்காட்டி, நூலை மூடிவைத்துத் தம் சொல்லில் திருப்பிச் சொல்லச் செய்தல் வேண்டும். அவர்கள் எங்கே தடுமாறுகின்றனரோ அங்கே எழுதியவரே மீண்டும் எழுதுக. கலைச்சொற் பட்டியல் தொகுக்கும் தமிழ்மன்றங்களும், ஒவ்வொரு சொல்லின்கீழும் இரண்டு வரி விளக்கமும், வீட்டிலோ வயலிலோ காணும் ஒரு காட்டும் சேர்த்தே வெளியிடுக. சொற்களின் எண்ணிக்கை குறையும், குறையட்டும்.