'லிஸ்ட் குடுங்க சார்' என்று கேளுங்கள்!

தள்ளுவண்டியில் இட்லி, பஜ்ஜி போட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றும் பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 'வண்டியை எடு' என்று யார் அதட்டினாலும், கையிலிருப்பதைக் கொடுத்து அனுப்புவதுதான் அவர்களுக்குத் தெரிந்த வழி. எங்கள் தெருமுனை அக்காவிடம் ஒருநாள் கொடுக்கப் பணமில்லை. அடுப்போடு மாவுப் பாத்திரத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை. மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்த மாவு யாருக்கு ஆகும்?

2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? பொருளை எடுத்தால் கையெழுத்துப் போட்ட பட்டியல் தரணும். கட்டணம் கட்டிக் கேட்டால், கெட்டுப்போகிற பொருளை அன்றைக்கே தரணும். மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் தரணும். விற்பனைச் சான்றிதழ் இருந்தால், அதில் குறித்த இடத்தை விட்டுக் கிளப்ப 30 நாள் நோட்டீஸ் கொடுக்கணும்.

சகோதரிகளே, வியாபாரிகள் கணக்கெடுப்புக்கு ஆள் வந்தால் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லாதீர்கள். அடுப்படியில் வேகிறது நீங்கள். சான்றிதழும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். வண்டியில் யாராவது கை வைத்தால், 'லிஸ்ட் எழுதிக் குடுங்க சார்' என்று தைரியமாகக் கேளுங்கள். பக்கத்தில் நின்று இட்லி சாப்பிடுகிற நாமும் சேர்ந்து கேட்போமே!

- ஒரு வாசகி, திண்டுக்கல்.