தராசில் நூறு, துண்டில் தொண்ணூறு

சுன்னாகம், மருதனார்மடம், திருநெல்வேலி என்று யாழ்ப்பாணத்து மரக்கறிச் சந்தைகளில் பழகிப்போன கணக்கு ஒன்று உண்டு. தராசு 100 கிலோ கத்தரிக்காய் காட்டும். கமக்காரரின் கைக்கு வரும் துண்டில் 90 கிலோவுக்குத்தான் காசு இருக்கும். மீதிப் பத்துக்குப் பெயர் ‘கழிவு’. கூட்டங்களில் கண்டிக்கப்பட்டும் இந்த வழக்கம் திரும்பத் திரும்பத் தலைதூக்குகிறது. நிலைபேறான விவசாயம் பற்றி இங்கே பேச்செடுத்தால் சுண்ணக்கல்லில் தேங்கும் நன்னீர், கிணற்றில் சேரும் நைத்திரேற்று, சேதனப் பசளை என்று நீளும். வேண்டிய பேச்சுத்தான். ஆனால் அந்த மண்ணையும் நீரையும் காக்க வேண்டியவர் அடுத்த போகத்துக்கும் தோட்டத்தில் நிற்பாரா என்ற கேள்வி அதில் வருவதில்லை.

1970களில் வெங்காய, மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது குடாநாடு செழித்தது. 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்தச் செழிப்பு ஆட்டங்கண்டது. செம்மண்ணும் கிணறும் மாறவில்லை, கைக்கு வந்த காசுதான் மாறியது. 2021 மே மாதம் மண்ணின் பெயரைச் சொல்லி இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்த அரசு, பயிர் செய்பவரைக் கேட்காததால் நவம்பரிலேயே பின்வாங்கியது. கழிவையும் பயிர் செய்பவரின் கைக்கு வரும் காசை வைத்தே பார்க்கவேண்டும். இறைப்பு, மருந்து, கூலி, வண்டிச் செலவுக்கே 80 கிலோவின் விலை போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சும் இருபதில் பாதியைக் கழிவு தின்கிறது. காணிக்காரர் கனடாவில் இருக்க, குத்தகைக்குச் செய்பவர் மீதிப் பாதியிலும் அவருக்குப் பங்கு கொடுக்கவேண்டும்.

காய் வாடும், அழுகும், மண் ஒட்டியிருக்கும், அந்த நட்டத்தை யார் தாங்குவது என்று வியாபாரிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கீரைக்கும் காய்ந்த வெங்காயத்துக்கும் ஒரே பத்து எப்படிப் பொருந்தும்? தரம் குறைந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். நிறையில் கைவைக்கக் கூடாது. கழிவை நிறுத்தினால் விலையைத்தான் இறக்குவார்கள் என்பது இன்னும் வலுவான வாதம். இறக்கக்கூடும். ஆனால் விலை வெளியே தெரிவது; பக்கத்துச் சந்தையோடு ஒப்பிடலாம், விற்காமல் திரும்பலாம். நிறை பார்த்த பின்பு கழிக்கும் பத்தோடு பேரம் பேச முடியாது. 20 கிலோ பயிற்றங்காயோடு வரும் பெண்ணுக்கு 2 கிலோவுக்காகச் சண்டை பிடிக்கும் தெம்பும் இராது.

தராசுக்கு அரசு முத்திரை குத்துகிறது. துண்டைப் பார்ப்பார் இல்லை. இந்தச் சந்தைகள் பிரதேச சபைகளின் பொறுப்பில் உள்ளவை. 2025 மே மாதத் தேர்தலில் அந்தச் சபைகளுக்கு உறுப்பினர்களும் வந்துவிட்டார்கள். அடுத்த முறை சந்தையைக் குத்தகைக்கு விடும்போது, தராசு காட்டும் நிறைக்கே காசு, மீறினால் குத்தகை இரத்து என்று ஒரு நிபந்தனையை அவர்கள் எழுதட்டும்.