துதிக்கை இழந்த ளை

எல்லாவற்றையும் யுத்தத்தின் கணக்கில் எழுதிவிடுவது எங்களுக்குப் பழகிவிட்டது. பொங்கலுக்கும் நத்தாருக்கும் கையால் வாழ்த்து மடல் எழுதிய பழக்கம் எங்கள் ஊரான கண்டாவளையில் எப்படி அற்றுப்போனது என்று பிள்ளைகள் கேட்டால், 2009 ஜனவரியில் விசுவமடுப் பக்கம் ஓடிய கதையைச் சொல்கிறோம். மிஞ்சியதை 2018 டிசம்பர் வெள்ளம் கொண்டுபோனது என்கிறோம். இரண்டும் நடந்ததுதான். ஓட்டோகிராப்புகள் பெட்டியோடு போயின. எழுதியவர்களிலும் பலர் திரும்பவில்லை. திரும்பி வந்தவர்களிடம் நாங்கள் என்ன கேட்டோம்?

பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் வன்னிக்குள் நல்ல காகிதமே அரிது. கடையில் மடல் இல்லையென்று யாரும் வாழ்த்தாமல் இருக்கவில்லை. கொப்பி மட்டையின் உட்புறமே மடலானது. பென்சிலால் இரண்டு கோடு, அதற்குள் தடித்த எழுத்து, ஒரு பக்கம் நிழல். 'பொங்கல்' என்று எழுதினால் கொம்பு கரும்பாகும், புள்ளி சூரியனாகும். ணை, லை, ளை, னை நான்குக்கும் அப்போது யானைத் துதிக்கை போன்ற வளைவு இருந்தது. 1978இல் தமிழ்நாட்டு அரசு அதை நீக்கிய பிறகும் இங்கே பழைய கைகள் லேசில் விடவில்லை. எங்கள் ஊர்ப் பெயரே ளையில்தான் முடிகிறது. அந்தத் துதிக்கையை எவ்வளவு நீட்டுவது, எங்கே சுழிப்பது என்பதில்தான் எழுதியவர் யாரென்று தெரியும். இன்று அதைக் காட்டினால் பிள்ளைகளுக்கு வாசிக்கவே வராது. நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

பின்னர் வன்னிக்கான பாதை திறந்தது. பிறிஸ்டல் மட்டையும் கலர்ப் பேனையும் தருமபுரத்துக் கடைகளிலேயே வந்து குவிந்தன. அப்போதுதான் எழுதுவதை விட்டோம். திருவிழாவுக்கும் செத்தவீட்டுக்கும் பிளெக்ஸ் அடித்தோம், இரண்டுக்கும் ஒரே எழுத்துருவில். தைப்பொங்கல் காலையில் யாரோ செய்த படத்தை வட்சப்பில் நூறு பேருக்குத் தள்ளிவிட்டு, வாழ்த்திவிட்டதாக நினைத்தோம். சித்திரப் பாட நேரத்தைக் கணிதத்துக்கு எடுத்தபோது பெற்றோராகிய எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. உள்ளூர மகிழ்ந்தோம் என்பதுதான் சரி. அழகாக எழுதுகிறவரைக் கூப்பிட்டது சான்றிதழில் பெயர் நிரப்ப மட்டும். அதற்கும் ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பினோம். பிளெக்ஸ்காரருக்குச் சதுர அடிக் கணக்கில் எண்ணிக் கொடுத்த நாங்கள், இவருக்குக் கூலி என்று ஒன்று இருப்பதை நினைக்கவேயில்லை.

ஈழத்து எழுத்தாவணங்களை மின்வடிவில் காக்கும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியது. இத்தனை வருடத்தில் எங்கள் பெட்டிகளைத் திறந்து பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

இனியாவது பார்ப்போம். அலுமாரியின் அடியிலோ, கனடாவில் இருக்கும் அண்ணரின் அல்பத்திலோ கையால் எழுதிய மடலொன்று கிடந்தால் ஸ்கான் செய்து நூலகம் திட்டத்துக்குக் கொடுங்கள். எழுதத் தெரிந்த ஒருவர் உங்கள் ஒழுங்கையில் இன்னும் இருந்தால், வரும் தைக்கு முன் அவரைப் பள்ளிக்கூடத்துக்கு அழையுங்கள். கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள்.