ஏமாந்தது யார்?

குவாண்டம் சங்கேதத்தை யாராலும் ஒட்டுக் கேட்க முடியாது என்பார்கள். தொட்டால் போட்டானே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில், 290 மீட்டர் கண்ணாடியிழை இணைப்பில், நார்வே ஆய்வாளர்களும் இங்குள்ளவர்களும் சேர்ந்து ரகசியச் சாவி முழுவதையும் திருடிக் காட்டினார்கள். முடிவு 2011ல் வெளியானது.

இயற்பியல் விதி பொய்க்கவில்லை. ஏமாந்தது உணர்கருவி. பகுதிக்கடத்தியாலான அந்த டயோடில் ஒரே ஒரு போட்டான் விழுந்தாலும் எலக்ட்ரான்கள் பனிச்சரிவுபோல் பெருகி, எண்ணக்கூடிய மின்துடிப்பு எழும். பளீரென்ற ஒளியைத் தொடர்ந்து பாய்ச்சினாலோ, நம் கண்ணைப்போல் அதுவும் கூசிப்போகிறது. பிறகு திருடர் அனுப்பும் வலுவான துடிப்புக்கு மட்டுமே 'டிக்' என்கிறது. பெறுபவருக்குச் சந்தேகமே வராது.

2022ல் சிங்கப்பூர், நாடளாவிய குவாண்டம் பாதுகாப்புக் கட்டமைப்புக்கான சோதனைகளை அறிவித்தது. இத்தகைய கருவியை வாங்கப்போகும் வங்கி முதலில் கேட்கவேண்டியது, "டயோடைக் கூசவைத்துச் சோதித்தீர்களா?" என்றுதான்.